வடிவாக வெளிக்கிட்ட குதிரை

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு விஷயத்தை நேராகச் சொல்லத் தெரியாது. வாயில் வெல்லக்கட்டியை ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிப் பேசுவார்கள். கேட்கிறவனுக்குத் தலையும் விளங்காது, வாலும் விளங்காது. கடைசியில் பிழை மட்டும் கேட்டவன் தலையில் விழும்.

அழகையா எந்த நாளும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

இலங்கை மலையகத்தில் எல்கடுவைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் குதிரைக்காரர். தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு குதிரை. செம்பட்டை நிறப் பெட்டைக் குதிரை. தோட்டத்துத் துரையின் மனைவி துரைசாணி அதற்கு 'ஜிஞ்சர்' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர் அழகையாவின் வாயில் நுழையவில்லை. அப்படியென்றால் என்ன என்று விசாரித்தார்.

"அட, இஞ்சியா? அதை இஞ்சின்னே சொல்லிட்டுப் போறதுதானே!" என்றார். அன்றிலிருந்து அவருக்கு அது இஞ்சிதான்.

அழகையா யாரையும் நம்பமாட்டார். கடைக்காரரின் தராசை நம்பமாட்டார். ரேடியோவில் மழை வரும் என்று சொன்னால், குடையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வெளியே போவார். நனைந்து திரும்பி வருவார். நனைந்த பிறகும் ரேடியோவை நம்பமாட்டார்.

எல்லாரையும்விட அவர் நம்பாத ஆள் புதிய பெரிய கிளாக்கர் தில்லையம்பலம். யாழ்ப்பாணத்திலிருந்து இப்போதுதான் வேலைக்கு வந்திருந்தார். லயத்தில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர்களைக்கூட "வாங்கோ, இருங்கோ" என்று மரியாதையாகப் பேசுவார். அதுதான் அழகையாவுக்கு இடித்தது.

"சும்மா எவனாச்சும் மரியாதை குடுப்பானா? பின்னால எதையோ கேக்கப் போறான்" என்பார்.

ஒரு புதன்கிழமை, தில்லையம்பலம் குதிரை லாயத்துக்கு வந்தார்.

"அழகையா, சனியும் ஞாயிறும் நுவரெலியாவில குதிரைக் காட்சி. துரைசாணி ஜிஞ்சரைக் கொண்டுபோறா. வெள்ளிக்கிழமை விடிய லொறி வரும். நீங்கள் குதிரையோட அங்க ரெண்டு இரவு தங்க வேணும்."

"நூரளையிலங்களா? சரிங்க."

"தேவையான சாமானெல்லாம் நீங்கள்தான் கட்ட வேணும். முக்கியமான விஷயம், லொறி வர முதல் குதிரையை வெளிக்கிடுத்திப் போடுங்கோ."

அழகையா காதைத் தேய்த்துக்கொண்டார். "என்னத்தங்க?"

"வெளிக்கிடுத்த வேணும். வெளிக்கிடாமல் நிண்டா லொறியில ஏத்தேலாது. துரை வேற சொல்லிப்போட்டார். இந்த முறையும் ஜிஞ்சர் காட்சிக்குப் போகாட்டி வித்துப்போடுவாராம்."

அழகையா திரும்பி இஞ்சியைப் பார்த்தார். போன வருடம் மண் சரிந்து ரோட்டு மூடிக்கொண்டதால் குதிரை போகவில்லை. அதற்கு இஞ்சி என்ன செய்யும்? இப்போது விற்றுவிடுவாராமே!

ஆனால் அந்த 'வெளிக்கிடுத்துற' பேச்சு? அவர்கள் லயத்தில் 'வெளிக்கி' என்றால் ஒரே ஓர் அர்த்தம்தான். காலையில் எழுந்ததும் தகரப்பேணியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒதுக்குப்புறமாகப் போவார்களே, அந்த வேலை. குதிரை அந்த வேலையை முடித்தால்தான் லொறியில் ஏற்றுவார்களா? இதென்ன புதுச் சட்டம்?

"ஏனுங்க ஐயா, அது தானா வரணுமுங்களே? சொன்ன நேரத்துக்கு வருமுங்களா?"

"வரும், வரும். விடிய வந்திடும்."

"கொஞ்சமா இருந்தா போதுமுங்களா?"

"என்ன கொஞ்சம்? அரைகுறையா விடக்கூடாது. முழுக்க, நல்ல வடிவா வெளிக்கிடுத்த வேணும். துரைசாணி வந்து பாப்பா."

"தொரசாணி பாப்பாங்களா!"

"பாக்காமல்? அங்க போட்டோ எடுக்கவும் ஆள் வருது."

அழகையா தூணைப் பிடித்துக்கொண்டார். கிளாக்கர் சிரித்த முகத்தோடு போய்விட்டார்.

அன்று பொழுது சாயும்வரை அழகையா இஞ்சியின் பின்னாலேயே திரிந்தார். அது எப்போது லத்தி போடுகிறது என்று பார்த்தார். கொள்ளு தின்றதும் ஒருமுறை போட்டது. ஓடைக்குப் போகும் வழியில் ஒருமுறை போட்டது. பிறகு கணக்கப்பிள்ளையின் வீட்டு வாசலுக்கு நேரே நின்று நிதானமாக ஒருமுறை போட்டது. நேரமும் இல்லை, காலமும் இல்லை. இந்தக் குதிரையை வைத்துக்கொண்டு விடியற்காலையில் என்ன செய்வது?

வெட்கத்தை விட்டு லயத்தில் யோசனை கேட்டார்.

"பப்பாப்பழம் குடுங்க" என்றார் பொன்னையா.

"நடுமுதுகுல ரெண்டு தட்டு தட்டுங்க" என்றார் கிருஷ்ணம்மா.

"காதுல போயி மெதுவா சொல்லிப் பாருங்க அண்ணே, 'அம்மா தாயே, மானத்தைக் காப்பாத்து'ன்னு" என்றார் லெட்சுமணன். லயமே சிரித்தது.

அழகையா சிரிக்கவில்லை. மறுநாள் நேரே தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் விளக்கெண்ணெய் கேட்டார்.

"யாருக்கு?" என்று கேட்டார் மருந்து கொடுப்பவர்.

"வீட்டுலங்க."

"எத்தனை பேருக்கு?"

"ஒரே ஆளுதாங்க. கொஞ்சம் பெரிய ஆளு."

ஒரு போத்தலோடு லாயத்துக்குத் திரும்பியபோது, அங்கே சந்திரகாந்தா இஞ்சிக்குப் புல் ஊட்டிக்கொண்டிருந்தாள். லெட்சுமணனின் மகள். ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டால் புத்தகப் பையை வீட்டில் எறிந்துவிட்டு இஞ்சியிடம் ஓடி வந்துவிடுவாள். போத்தலைக் கண்டதும் அவள் கை தானாகவே மூக்கைப் பொத்திக்கொண்டது.

"என்ன தாத்தா, விளக்கெண்ணெயா? யாருக்கு?"

"இஞ்சிக்குத்தான். நாளைக்கு வெள்ளன குடுக்கணும்."

"முழுப் போத்தலுமா? எனக்கு அரைக் கரண்டிதான் குடுத்தாங்க. நான் மறுநாளு பள்ளிக்கூடமே போகல!"

"நீ என்ன குதிரையா?"

"குதிரைக்கு மட்டும் வயிறு இல்லையா? நூரளைக்கு நாளு பூரா லொறியில நிக்கணும் தாத்தா. வழி நெடுக வயித்தால போனா இஞ்சி என்னத்துக்காகும்? செத்துக்கித்துப் போச்சுன்னா?"

அந்தப் பயம் அழகையாவுக்கும் இருந்தது. எண்ணெய் கொடுத்தால் குதிரைக்கு ஆபத்து. கொடுக்காவிட்டால் குதிரையை ஏற்றமாட்டார்கள், துரை விற்றுவிடுவார். முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது.

"கிளாக்கரையா சரியா என்னதான் சொன்னாரு?" என்று கேட்டாள் சந்திரகாந்தா.

அழகையா ஒரு சொல் விடாமல் சொன்னார். துரைசாணி பார்ப்பதையும் சொன்னார். போட்டோவையும் சொன்னார்.

சந்திரகாந்தா விழித்தாள். "அதை எதுக்கு தாத்தா போட்டோ எடுக்கணும்?"

"அதைத்தான் புள்ள நானும் நேத்துலேருந்து யோசிக்கிறேன்!"

இருவரும் இஞ்சியைப் பார்த்தார்கள். இஞ்சி புல்லை மென்றுகொண்டு இருவரையும் பார்த்தது.

"வாங்க தாத்தா, அவருகிட்ட இன்னொருக்கா கேப்போம்."

"போ புள்ள. குதிரைக்காரனுக்கே குதிரை விஷயம் விளங்கலன்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

"நீங்க கேக்க வேணாம். இஞ்சியை நடத்திக்கிட்டு அந்தப் பக்கமா வாங்க. நான் கேக்குறேன்."

அப்படியே போனார்கள். கிளாக்கரின் வீட்டு வேலிக்கு வெளியே அழகையா குதிரையோடு நின்றார், சும்மா அந்த வழியாக வந்த மாதிரி. சந்திரகாந்தா வாசலில் நின்று, "ஐயா!" என்று கூப்பிட்டாள்.

உள்ளேயிருந்து கிளாக்கரின் மனைவி சுசீலாதேவியின் குரல் வந்தது. "ஆர் அது? அவர் ஒஃபீசில. கொஞ்சம் நில்லுங்கோ, நான் பிள்ளையை வெளிக்கிடுத்திக்கொண்டிருக்கிறன்!"

அழகையா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கேட்டியா? கேட்டியா? இதைப் போயி இப்படிக் கத்திச் சொல்லுறாங்க!" என்று கிசுகிசுத்தார்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு அழுகை நின்றது. சற்று நேரத்தில் கதவு திறந்தது.

சுசீலாதேவி கையைப் பிடித்துக் கூட்டி வந்த குழந்தை புது மஞ்சள் சட்டை போட்டிருந்தது. உச்சியில் ஒரு குடுமி, குடுமியில் ஒரு ரிப்பன். காலில் குட்டிச் சப்பாத்து. முகம் முழுக்க பவுடர்.

"கோயிலுக்குப் போகப் போறம், அதுதான். என்ன பிள்ளை, என்ன வேணும்?"

சந்திரகாந்தா குழந்தையை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். ரிப்பனைப் பார்த்தாள். சப்பாத்தைப் பார்த்தாள். அவள் கண் அகலமாயிற்று.

"அம்மா, குதிரையை வெளிக்கிடுத்துறதும் இப்படித்தானுங்களா?"

சுசீலாதேவி வேலிக்கு வெளியே நின்ற இஞ்சியைப் பார்த்துச் சிரித்தார். "ஓம், இப்பிடித்தான். ஆனா பவுடர் பூசிப்போடாதேங்கோ!"

சந்திரகாந்தா ஒரே ஓட்டமாக வேலிக்கு வெளியே வந்தாள்.

"தாத்தா, விளங்கிருச்சு! அவங்க ஊருப் பேச்சுல வெளிக்கிடுத்துறதுன்னா வெளிக்கிப் போறது இல்ல! பயணத்துக்கு ரெடி பண்ணுறது! குளிப்பாட்டி, தலை சீவி, உடுப்புப் போட்டு விடுறது!"

அழகையா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீ சின்னப் புள்ள. உள்ள தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு."

"புள்ள அழுதுச்சா, இல்லையா?"

"அழுதுச்சு."

"அப்புறம் என்ன? வெளிக்கிப் போனா கழுவித்தானே விடுவாங்க? கழுவினா அப்புறம் பவுடரு போடத்தானே செய்வாங்க?"

சந்திரகாந்தா குழந்தையின் பவுடர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்னதும் பொருந்துகிற மாதிரித்தான் இருந்தது. ஒரு நிமிடம் அவளுக்கே எது சரி என்று குழம்பிப்போயிற்று.

இருவரும் தேயிலைப் பாதையில் திரும்பி நடந்தார்கள். இவரோடு வாதாடினால் விடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பிழை என்று சொன்னால் அழகையாத் தாத்தாவின் முகம் சுருங்கிவிடும். முகம் சுருங்கினால், பிடிவாதத்துக்கே எண்ணெயை ஊற்றிவிடுவார்.

"தாத்தா, நீங்க சொல்றதும் சரியா இருக்கலாம், நான் சொல்றதும் சரியா இருக்கலாம். ரெண்டையும் செஞ்சிருவோமா? ஒண்ணு தப்புனாலும் இன்னொண்ணு நம்மளைக் காப்பாத்திடும்."

அழகையா தாடையைச் சொறிந்தார். "அதுவும் ஒரு யோசனைதான். அப்போ எண்ணெயை..."

"அந்த எண்ணெயை யாரு குடுத்தாங்க?"

"டிஸ்பென்சரியில குடுத்தாங்க."

"அவங்களை நீங்க நம்புறீங்களா?"

அழகையா நின்றுவிட்டார். கயிற்றின் மறுமுனையில் இஞ்சியும் நின்றது.

"அவனுகளை யாரு நம்புவா! எனக்குக் காய்ச்சல் வந்தப்ப குடுத்த மருந்து வெறும் சாயத் தண்ணி!"

"அவங்க குடுத்ததை நம்ம இஞ்சிக்குக் குடுக்கலாமா?"

"சே, சே! தொடவே கூடாது!" என்றார் அழகையா, தானே கண்டுபிடித்த மாதிரி. "காலையில நல்லா நடத்துனா போதும். நடந்தா குதிரைக்குத் தானா வரும். அதுகூட எனக்குத் தெரியாதா?"

சந்திரகாந்தா மூச்சை விட்டாள். எண்ணெய்ப் போத்தல் வீணாகவில்லை. அன்று மாலை இஞ்சியின் நான்கு குளம்புகளுக்கும் அதைத் தடவினார்கள். குளம்பு நாவல்பழம் மாதிரி மின்னியது.

இஞ்சியைக் குளிப்பாட்டினார்கள். உடம்பு முழுக்கத் தேய்த்துத் தேய்த்துப் பிரஷ் போட்டார்கள். பிடரி மயிரைப் பின்ன வேண்டும். அழகையாவின் விரல்கள் மடங்க மறுத்தன. சந்திரகாந்தா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, தன் தலையைப் பின்னுகிற மாதிரியே விறுவிறுவென்று பின்னினாள். ஒவ்வொரு சடைக்கும் தன் சிவப்பு ரிப்பனில் ஒரு துண்டு வெட்டிக் கட்டினாள்.

பிறகு சாமான் கட்டினார்கள். குதிரையோடு வெளியூரில் தங்குவது கைக்குழந்தையோடு கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி. அங்கே எல்லாம் இருக்கும், நமக்கு வேண்டியது மட்டும் இருக்காது. அழகையா புல்லைக் கட்டுக் கட்டாகக் கட்டினார். கொள்ளும் தவிடும் சாக்கில் போனது. குடிக்க ஒரு வாளி, கழுவ ஒரு வாளி. வாளி மாறினால் இஞ்சி மோந்து பார்த்துவிட்டுக் கவிழ்த்துவிடும். கயிறு அறுந்தால் கட்ட இன்னொரு கயிறு.

"அந்த ஊருத் தண்ணி ருசி பிடிக்காம குடிக்காட்டி?" என்று கேட்டாள் சந்திரகாந்தா.

"கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு கரைச்சு விட்டா எந்த ஊருத் தண்ணியையும் குடிக்கும்."

"குளிருமே தாத்தா?"

குளிருக்கு இரண்டு பழைய கம்பளியைக் கோணி ஊசியால் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார் கிருஷ்ணம்மா. சந்திரகாந்தா லாயத்தின் மூலையிலிருந்து இஞ்சி படுத்த பழைய வைக்கோலை அள்ளி ஒரு சாக்கில் திணித்தாள்.

"அந்தக் குப்பை எதுக்கு?"

"புது இடத்துல இஞ்சிக்குத் தூக்கம் வராது. இதைக் கீழ போட்டா நம்ம வீட்டு வாசம் வரும்."

அழகையா அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அந்தச் சாக்கைத் தானே தூக்கி மற்றச் சாமான்களின் மேலே வைத்தார்.

அவருடைய சாப்பாடுதான் பாக்கி. அரிசி கொண்டுபோக முடியாது. அது எழுபத்துநாலாம் ஆண்டு, பஞ்ச காலம். ஓர் ஊர் அரிசியை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோனால் பொலிஸ் மறித்துப் பிடிக்கும்.

"குதிரைக்குக் கொள்ளு போகலாம், மனுசனுக்குச் சோறு போகக் கூடாதாம். நல்லா இருக்கு!" என்று முணுமுணுத்துக்கொண்டு, அவித்த மரவள்ளிக்கிழங்கைத் துணியில் முடிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை பொழுது புலர்ந்தது. மலை முழுக்கப் பனிமூட்டம். அழகையா இஞ்சியை லாயத்து முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடத்தினார். சந்திரகாந்தா பக்கத்திலேயே நடந்தாள். சுற்றுக்கு மேல் சுற்று. இஞ்சி ஜோராக நடந்தது. வேறொன்றும் செய்யவில்லை.

கீழே வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டது.

"வருதா?" என்றார் அழகையா பதறிப்போய்.

"வருது தாத்தா, பாலத்துக்கிட்ட வந்துருச்சு!"

"லொறியை யாரு கேட்டா? மத்தது வருதா?"

லொறி முற்றத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்த மாத்தளை இத்ரூஸ் இறங்கிப் பின்பக்கப் பலகையைச் சாய்க்கப் போனார். பங்களாப் பாதையில் துரைசாணியும் தில்லையம்பலமும் வந்துகொண்டிருந்தார்கள். அழகையா குதிரையின் காதருகே போய், "அம்மா தாயே..." என்று ஆரம்பித்தார்.

இஞ்சி வாலைத் தூக்கியது.

பொத், பொத், பொத்தென்று விழுந்தது. குளிரில் ஆவி பறந்தது. அழகையா தன் வாழ்நாளில் லத்தியைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அதே நேரம் தில்லையம்பலம் வந்து சேர்ந்தார். "அட! நல்ல வடிவா வெளிக்கிடுத்தியிருக்கிறியள், அழகையா! இப்பிடி ஒண்டை நான் எங்கயும் காணேல்லை!"

அழகையா குவியலைப் பார்த்தார். பிறகு அடக்கமாக, "நாம ஒண்ணும் பண்ணலீங்க. சும்மா நடத்துனேன், அதுவா வந்துருச்சு" என்றார்.

தில்லையம்பலம் விழித்தார். இந்தத் தோட்டத்துப் பேச்சு அவருக்கும் இன்னும் பிடிபடவில்லை.

துரைசாணி குவியலைச் சுற்றிக் கடந்து வந்து இஞ்சியின் சடைகளைத் தடவினார். "ரொம்ப நல்லா இருக்கு, அழகையா! நூரளையில எல்லாரும் இதைத்தான் பாப்பாங்க!"

சந்திரகாந்தா அழகையாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாத்தீங்களா தாத்தா? அவங்க தடவுனது சடையை. நல்லா இருக்குன்னது சடையை. நான் சொன்னதுதான் சரி!"

அழகையா சடையைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். மறுபடி சடையைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் புருவம் நெளிந்தது. ஒருவேளை இந்தப் புள்ள சொன்னதுதான்...

"கொஞ்சம் நில்லுங்க!" என்று லொறியின் பக்கத்திலிருந்து இத்ரூஸ் கத்தினார். "ஏத்த முந்தி ஒண்ணு கேக்கணும். குதிரை வெளிக்கிப் போயிட்டா? மாடு ஏத்தின நாத்தம் கழுவக் கழுவ இன்னம் போகல்ல. போகாத குதிரையை என்ட லொறியில ஏத்தவே மாட்டன்!"

அழகையாவின் முகம் மலர்ந்தது. பட்டத்துக் கிரீடத்தைக் காட்டுகிறவர் மாதிரிக் கையை நீட்டிக் குவியலைக் காட்டினார்.

"அந்தா பாருங்க!"

"அல்ஹம்துலில்லாஹ்! ஏத்துங்க!" என்றார் இத்ரூஸ்.

அழகையா சந்திரகாந்தாவின் பக்கம் திரும்பினார். "இப்ப என்ன சொல்ற?"

"தாத்தா, அது டிரைவரு சொன்னது! கிளாக்கரையா சொன்னது வேற! நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?"

"நீ நல்ல புள்ளதான். சடையும் நல்லாத்தான் இருக்கு" என்றார் அழகையா, இஞ்சியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு. "ஆனா நம்ப மாட்டேன்."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பலகையில் ஏறிப் போனார். சிவப்பு ரிப்பன்கள் ஆட ஆட, இஞ்சியும் அவர் பின்னால் ஏறிப் போயிற்று.